துருசடிப் பங்கு

நாவல்முறிப்புக் குளத்தின் கட்டு இருபத்திரண்டு பங்காகப் பிரிந்து கிடந்தது. வயல்வெளியில் ஒருவனுக்கு எவ்வளவு காணியோ, அதற்கேற்றபடி குளக்கட்டிலும் அவனுக்கு ஒரு நீளம். ஆவணி பிறந்து, குளம் வற்றி, சேறு வெடித்துக் கிடக்கும் நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் நீளத்தில் மண் வெட்டிப்போட்டு, தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. அரைகுறையாக விட்டவனைக் கூப்பிட்டு விசாரிப்பதும், அதற்கும் அடங்காதவனைக் கிராமக் கோட்டில் வழக்குக்கு ஏற்றிக் குற்றக்காசு கட்டவைப்பதும் வட்டவிதானையின் வேலை. வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளில் மறிப்பது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

அந்த விதானைப் பதவி மூன்று தலைமுறையாகச் சிற்றம்பலத்தாரின் வீட்டில் இருந்தது. தண்ணீர் திறக்கும் துருசுக்கு வலப்பக்கமாக அறுபது முழம், குளத்தின் மிக ஆழமான இடம், அவர்களுடைய பங்கு. துருசடிப் பங்கு என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். ஆழமான இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவனுக்குத்தான் மற்றவனைக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்று அவருடைய தகப்பனார் சொல்லுவார்.

அறுபதாம் ஆண்டு ஆனி மாதம் அந்த உரிமை போயிற்று. நெற்காணிச் சட்டம் கொழும்பில் நிறைவேறி இரண்டு வருடம் கழித்து நாவல்முறிப்புக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கத்தின் பிரிவுக் காரியாதிகாரி பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். இனி வட்டவிதானை என்ற பதவி இல்லை என்றும், வயல் செய்யும் கமக்காரர் தாங்களே தெரிவுசெய்யும் குழுவிடம் குளமும் துருசும் வாய்க்காலும் ஒப்படைக்கப்படும் என்றும், திருத்த வேலைக்கு அரசாங்கம் குழுவின் பெயருக்கே காசு அனுப்பும் என்றும் விளக்கினார். குத்தகைக்கு விதைப்பவனும் குழுவில் இருக்கலாம் என்றபோது பின்வரிசை வாங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது.

பின்வாங்கில் இருந்த நடராசா பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது முன்வாங்குக்கும் கேட்டது.

"தமிழருக்குப் பிரதேச சபை தாறம் எண்டு எழுதிப்போட்டுப் பிறகு கிழிச்செறிஞ்சவங்கள். இப்ப எங்களுக்கொரு குழு தந்திருக்கிறாங்கள். சின்னக் கடுதாசிதானே, கிழிக்க லேசு."

எல்லோரும் சிரித்தார்கள். காரியாதிகாரியும் சிரித்தார். சிற்றம்பலத்தார் சிரிக்கவில்லை.

குழுவின் தலைவனாக இளையதம்பியைத் தெரிவுசெய்தார்கள். அவன் சிற்றம்பலத்தாரின் நான்கு ஏக்கரைக் குத்தகைக்கு விதைக்கிறவன். முன்பெல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் நின்று பேசுவானே தவிர, கதிரையில் இருந்ததில்லை. செயலாளனாக அவருடைய மகன் யோகநாதனைத் தெரிவுசெய்தார்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவன், எழுத்துத் துப்புரவானவன். அது விதானை வீட்டுக்குச் செய்த மரியாதை என்று ஊர் நினைத்தது. தன் மகன் இளையதம்பிக்குக் கீழே எழுத்து வேலை பார்க்கப்போகிறான் என்று சிற்றம்பலத்தார் நினைத்தார். துருசைத் திறந்து மூடும் இரும்புத் திறப்பை இளையதம்பியின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஆவணி நடுவில் ஒருநாள் மத்தியானம், யோகநாதன் ஒரு கொப்பியோடு வந்து சாப்பிட இருந்தான். சிற்றம்பலத்தாரின் மனைவி இராசேஸ்வரி அவருக்கும் மகனுக்கும் குரக்கன் பிட்டும் தயிரும் வைத்தாள். மாவட்டக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்திருப்பதாக யோகநாதன் சொன்னான். கட்டில் எங்கெங்கே பலவீனம் என்று குழு ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான் காசு. ஆனபடியால் இந்த வருடம் பங்கு வேலைக்கு ஒருவரும் வரமாட்டார்களாம். காசு வருகிற வேலையைச் சும்மா செய்ய எவனுக்குப் பைத்தியம் என்று கேட்கிறார்களாம்.

"கூப்பிட்டுப் பாத்தனியளோ?" என்று சிற்றம்பலத்தார் கேட்டார்.

"கூப்பிடலாம் ஐயா. வராட்டில் கோட்டிலை ஏத்திற அதிகாரம் எங்களுக்கு இன்னும் எழுத்திலை வரேல்லை. உங்களுக்கிருந்தது அப்பிடியே எங்களுக்கு வருமெண்டு காரியாதிகாரி சொல்லுறார். எப்ப எண்டு அவருக்கும் தெரியாது."

"அப்ப என்னட்டை இருந்ததைப் பறிச்சுப்போட்டு உங்களுக்கும் குடுக்கேல்லை."

யோகநாதன் கொப்பியை விரித்தான். மேலதிகத் தண்ணீர் வான் பாயும் இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, எழுதியாயிற்று. பதினைந்தாம் பங்கில் மாடு இறங்கிக் கரை தேய்ந்திருக்கிறது, அதுவும் எழுதியாயிற்று.

"துருசடி எப்பிடி ஐயா? நீங்கள்தானே அறிவியள்."

இராசேஸ்வரி அகப்பையைத் தயிர்ச் சட்டிக்குள் வைத்தபடி நின்றாள்.

"எங்கட பங்குக்கு என்ன? ஐம்பத்தேழு வெள்ளத்திலையே அசையாமல் நிண்ட கட்டு. அதிலை எழுத ஒண்டுமில்லை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்று யோகநாதன் சொல்லி, 'துருசடி: பழுதில்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் வைத்தான். சாப்பிட்ட கை காயுமுன்பே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு இராசேஸ்வரி வந்து எதிரே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பெடியன்ரை கையெழுத்து அதிலை கிடக்கு."

"கிடக்கட்டும்."

"இப்ப அரசாங்கக் காசு வருகுது. தோண்டி எடுத்துப்போட்டு ஒழுங்காக் கட்டலாம்தானே?"

"தோண்டினால் என்ன வெளியிலை வருமெண்டு உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். ஐம்பத்தேழு ஆவணியில் மகள் சிவனேஸ்வரிக்குக் கல்யாணம். பந்தலும் பலகாரமும் சொந்தக்காரருமாக மாதம் போய்விட்டது; துருசடிப் பங்கில் ஒரு கடகம் மண் விழவில்லை. அதே ஆவணியில் இளையதம்பியின் தகப்பன் அப்புத்துரை இரண்டு நாள் வேலையை மிச்சம் விட்டான் என்று சிற்றம்பலத்தார் அவனைக் கோட்டில் ஏற்றினார். காய்ச்சல் என்று அப்புத்துரை சொன்னான். காய்ச்சலுக்குக் கட்டு காத்திருக்காது என்று அவர் சாட்சி சொன்னார். அப்புத்துரை நாம்பன் கன்றை விற்றுக் குற்றம் கட்டினான். அடுத்த பங்குனியில் செத்தும் போனான்.

ஐம்பத்தேழு மார்கழியில் வந்த வெள்ளத்துக்கு வன்னியில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. நாவல்முறிப்பில் துருசடிப் பங்கு பிளந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை, மற்றவர்கள் வான் பக்கம் நின்றபோது, சிற்றம்பலத்தாரும் இராசேஸ்வரியும் தங்கள் வேலியிலிருந்த முள்முருக்கு மரக் கதியால்களை வெட்டி, வைக்கோற்போரைப் பிரித்து, எல்லாவற்றையும் அந்தப் பிளவுக்குள் இறுக்கி அடைத்து மேலே மண் போட்டார்கள். குளக்கட்டுக்குள் மரமும் வைக்கோலும் போகக்கூடாது என்பது இடுப்பில் துணி கட்டத் தெரிந்த எந்தக் கமக்காரனுக்கும் தெரியும். அது உக்கினால் உள்ளே பொந்து விழும். ஆனால் அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. குளம் நின்றது. விதானையார் தனியாளாக நின்று குளத்தைக் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. பொங்கலன்று ஐயனார் கோயிலில் அவருக்கு முதல் மாலை போட்டார்கள். போட்ட மாலையைக் கழற்றிவிட்டு, என் பங்கை நான் கட்டாமல் விட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. மாலை போட்டவர்களில் அப்புத்துரையும் ஒருவன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் அந்த இடம் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இறங்கும். பங்கு வேலைக்கு ஊர் முழுவதும் கட்டில் நிற்கும்போது அவரும் தன் பங்கில் மண்ணைப் போட்டு மட்டமாக்கிவிடுவார். நூறு பேர் மண் போடுகிற இடத்தில் ஒருவர் கூடப் போட்டால் யாருக்குத் தெரியும்? இந்த வருடம் கட்டில் ஒருவரும் இல்லை.

புரட்டாதி முதற்கிழமை, உச்சி வெயிலில், மண்வெட்டியும் கடகமுமாக அவர் தனியே போனார். பதவியில் இருந்த காலத்தில் மண் சுமந்ததுண்டு; கள்ளனைப்போல ஒளித்துச் சுமந்ததில்லை. துருசடியில் இரண்டு முழ அகலத்துக்குக் கட்டின் முதுகு பள்ளமாகி இருந்தது. காலால் மிதித்தார். புற்றை மிதித்ததுபோல உள்ளே வெறுமையாக ஒலித்தது. பத்துக் கடகம் போட்டிருப்பார். கட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இளையதம்பி ஏறி வந்தான். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டான்.

"விதானையார், இந்த வெய்யிலுக்கை ஏன் நிக்கிறியள்?"

"என்ர பங்குக்கு நான் மண் போடுறன். அதுக்கும் உன்னட்டைக் கேக்க வேணுமோ?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. காசு வந்தவுடனை ஆளைப் பிடிச்சுச் செய்விப்பம். நீங்கள் மண் சுமந்ததெண்டு சனம் அறிஞ்சால் என்னைத்தான் ஏசும். குழுக்காரன் வந்து விதானையாரை மண் சுமக்க வைச்சுப்போட்டான் எண்டு சொல்லும்."

அவன் வந்து பள்ளத்தைப் பார்த்தான். குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நொறுக்கினான்.

"இது இறங்கியிருக்குப் போலை. தம்பி பட்டியலிலை பழுதில்லை எண்டெல்லோ எழுதினவர்? உள்ளுக்கு ஏதும் கோளாறோ?"

கேட்டது பணிவாகத்தான். ஆனால் கேட்டவன் அப்புத்துரையின் மகன். சிற்றம்பலத்தார் கடகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்.

"மாடு மிதிச்ச பள்ளம். உன்ர தேப்பன் உன்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வயலுக்கு வரேக்கையே நான் இந்தக் கட்டிலை நடந்தவன்."

"அது உண்மைதான்," என்று இளையதம்பி ஒத்துக்கொண்டான். அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, மிச்சக் குழியைத் தானே நிரப்பிக் காலால் மிதித்துவிட்டு, அவரை வீடுவரை கூட்டிவந்து விட்டுப் போனான். அதன்பின் அவர் கட்டுக்குப் போகவில்லை.

ஐப்பசியில் காசு ஒதுக்கப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. கார்த்திகையில் காசு கச்சேரியில் இருக்கிறது என்றார்கள். யோகநாதன் நான்கு தடவை போய்வந்தான். குழுவைப் பதிந்த பத்திரத்தில் ஒரு முத்திரை குறைகிறது, அது கொழும்புக்குப் போயிருக்கிறது என்று எழுதுவினைஞர் சொன்னாராம். அதற்கிடையில் மழை தொடங்கிவிட்டது. காலபோக நெல் கதிர் பொதியும் குடலைப் பருவத்தில் நின்றது. அந்த வருடம்போல ஒரு பயிர் பத்து வருடத்தில் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வயல்வெளி எண்பது ஏக்கரும் ஒரே பச்சை.

மார்கழி பத்தாம் தேதி, மூன்று நாள் விடாமழையின் பிறகு, சிற்றம்பலத்தார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கே என்று இராசேஸ்வரிக்கு விளங்கியது. இளையதம்பியிடம் சொல்லிவிடுவது, கட்டுக்கு ஆட்களை இறக்கி மண்மூட்டை அடுக்குவிப்பது என்ற முடிவோடுதான் அவர் போனார். சந்திக் கடையில் பதினைந்து பேர்வரை மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவரைக் கண்டதும் வழிவிட்டு விலகினார்கள். ஒருவன் வாங்கைத் துடைத்துவிட்டான். நடராசா பிளேன்ரீயை நீட்டினான்.

"இந்தா, ஐம்பத்தேழிலை குளத்தைக் காத்த மனிசன் வந்திட்டார். விதானையார், அந்த விடியப்பறம் நடந்ததை ஒருக்கா இவங்களுக்குச் சொல்லுங்கோ. இவன் பாலன் கண்டாவளையிலை பெண் கட்டின பிறகு எங்கட ஊர்க் கதையெல்லாம் மறந்துபோனான்."

சிற்றம்பலத்தார் தேநீரைக் குடித்தார். கதையையும் சொன்னார், ஊர் அறிந்தபடி. சொல்லி முடித்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. இனி வெளிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை எட்டு மணியளவில் குளம் உடைந்தது. முதலில் துருசடியில் வெளிப்புறமாக ஒரு கை மொத்தத்துக்குக் கலங்கல் தண்ணீர் வந்தது என்று கண்டவர்கள் சொன்னார்கள். ஆட்கள் மண்மூட்டையோடு ஓடிவருமுன் கட்டின் முதுகு உள்ளே இறங்கிப் போனது. நாற்பது முழம் ஒரேயடியாக. அந்தச் சத்தம் சிற்றம்பலத்தாரின் வீட்டுக் கூரையை அதிரவைத்தது. அவர் படலைவரை வந்தார். மரங்களுக்கு இடையே, வயல் இருந்த இடத்தில், சிவந்த தண்ணீர் மேடு ஒன்று நகர்ந்து போவது தெரிந்தது.

ஆட்களுக்குச் சேதமில்லை. இளையதம்பியின் இரண்டு எருதுகளும் கொட்டிலோடு போயின. எண்பது ஏக்கரில் ஐம்பதுக்கு மேல் மணல் மூடிவிட்டது. மிச்சம் சேற்றில் படுத்துவிட்டது. அடுத்த போகத்துக்கு விதைநெல் எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். யோகநாதன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாட்டுக் கயிறுகளை வெட்டிக்கொண்டு திரிந்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வாய் நீலம் பாரித்திருந்தது. தாய் கஞ்சி ஊட்டினாள்.

ஐந்தாம் நாள் காரியாதிகாரியும் நீர்ப்பாசன ஓவசியரும் வந்தார்கள். பள்ளிக்கூடம் முழுவதும் சனம். மேசையில் அந்தப் பட்டியல் இருந்தது. 'துருசடி: பழுதில்லை' என்பதைக் காரியாதிகாரி உரக்க வாசித்து, யார் எழுதியது என்று கேட்டார். யோகநாதன் எழுந்தான்.

சனம் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கியது. காசு வந்துவிட்டது, செயலாளன் தின்றுவிட்டான் என்று ஒரு குரல். வரவேயில்லை என்று இளையதம்பி சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. விதானை இருந்த காலத்தில் கடுகளவும் ஒழுகாத கட்டு, குழு வந்து ஆறு மாதத்தில் போய்விட்டது என்றார்கள். தகப்பன் தின்ற சோற்றைத்தானே இவனும் தின்றான், இவனுக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஐயாவோடை கலந்து பேசினனீரோ?" என்று காரியாதிகாரி யோகநாதனைக் கேட்டார்.

யோகநாதன் தகப்பனைப் பார்க்கவில்லை.

"இல்லை ஐயா. அவரைக் கேக்கேல்லை. நானாத்தான் எழுதினனான்."

காரியாதிகாரி எழுதிக்கொண்டார். குழுவின் அதிகாரத்தை நிறுத்திவைக்கும்படியும், ஒதுக்கிய காசைத் திருப்பி எடுக்கும்படியும் தான் அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும் என்றும், அதுவரைக்கும் துருசுத் திறப்பைப் பழைய வட்டவிதானை பொறுப்பெடுப்பது நல்லது என்றும் சொன்னார். சனம் கைதட்டியது.

சிற்றம்பலத்தார் எழுந்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கோட்டில் குற்றவாளி நிற்கிறபடி நின்றார்.

"பிழை என்ரை," என்றார். "பெடியன் என்னைக் கேட்டவன். பழுதில்லை எண்டு நான்தான் சொன்னனான். ஐம்பத்தேழிலை அந்த இடத்தை மரக்குத்தியாலையும் வைக்கலாலையும் அடைச்சது நான். அந்த வருஷம் என்ர பங்கை நான் கட்டேல்லை. அப்புத்துரையைக் கோட்டிலை ஏத்தின அதே ஆவணி."

முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பெத்த மனம்," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

காரியாதிகாரி ஓவசியரைப் பார்த்தார். உடைவுக்குக் கீழே உக்கின கட்டைகள் கிடந்தது உண்மைதான் என்றும், வெள்ளத்தில் காட்டு மரம் எத்தனையோ வருவது வழக்கம் என்றும், அதைக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க முடியாது என்றும் ஓவசியர் சொன்னார்.

"நான் பொய் சொல்லுறனெண்டோ சொல்லுறியள்?" சிற்றம்பலத்தாரின் குரல் தடித்தது. "என்ர மனிசியைக் கேளுங்கோ."

"அவா தாயெல்லோ, விதானையார்," என்றார் காரியாதிகாரி மரியாதையாக. "மகனுக்காக நீங்கள் பழியை ஏற்கிறீங்கள். உங்களைப்போல மனிசரை நான் எல்லாவிடத்திலும் காணேல்லை. தயவுசெய்து இருங்கோ."

அவர் இருக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சொல்லச் சொல்லச் சனத்தின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு பேர் வந்து, கையைப் பிடித்து அவரை இருத்தினார்கள். இரும்புத் திறப்பை மடியில் வைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் யோகநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். வாய்க்கால் ஓரமெல்லாம் நெல் சேற்றோடு அழுகி நாறியது.

"மரம் வைச்சது உண்மையோ, ஐயா?"

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

மகன் நின்றான்.

"ஆவணியிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. மரமெண்டு எழுதவேணுமெண்டு என்ன? உங்கட பேரும் போடாமல், துருசடி பலமில்லை எண்டு மட்டும் எழுதியிருப்பன். நானே ஆளை வைச்சுத் தோண்டி, நானே மூடியிருப்பன். ஆர் கேக்கப்போறாங்கள்?"

சிற்றம்பலத்தாருக்கு அது ஒருபோதும் தோன்றவில்லை. சொல்லுவது என்றால் சபையில் சொல்லுவது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

யோகநாதன் மறுநாள் விடியப் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனான். அரிசி ஆலையில் வேலை எடுத்துத் தருவதாக ஒருவன் சொல்லியிருந்தானாம். இந்த ஊரில் இனித் தன் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று தாயிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அன்று பின்னேரம் இளையதம்பி படலையைத் திறந்துகொண்டு வந்தான். முழங்கால்வரை சேறு. குளத்தில் தண்ணீர் முற்றாக வடிந்துவிட்டதால் ஊர் முழுவதும் மீன் அள்ளிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம்கூட இடையிடையே வந்தது. குளத்து முதல் மீன் விதானைக்கு என்பது அந்த ஊரில் வழக்கம். ஈர்க்கில் கோத்த இரண்டு விரால் அவன் கையில் தொங்கின. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது.

முற்றத்தில் நிற்காமல் உள்ளே வரும்படி இராசேஸ்வரி சொன்னாள். அவன் முற்றத்திலேயே நின்றான்.

"என்ர ஐயா செத்த நாளிலையிருந்து நான் உங்களோடை மனசுக்கை கோபமாத்தான் இருந்தனான், விதானையார். ஒருத்தருக்கும் காட்டேல்லை. நேற்று நீங்கள் அந்தச் சபையிலை அவரின்ரை பேரைச் சொல்லி, மகனுக்காக உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொண்டு நிண்டியள். அதோடை எல்லாம் போட்டுது. இதை வாங்குங்கோ."

சிற்றம்பலத்தார் வாயைத் திறந்தார். தன் எருதுகளையும் விளைச்சலையும் பறிகொடுத்தவனின் முகம் அவருக்கு முன்னால் அமைதியாக, கிட்டத்தட்ட மகிழ்ச்சியாக இருந்தது. சொல்ல வேண்டியது முழுவதையும் அவர் நேற்றே சொல்லி முடித்திருந்தார்.

இரண்டு கைகளையும் நீட்டி மீனை வாங்கிக்கொண்டார்.